குளிர்காலச் சிவப்பு வைன்: போத்தல் ஒன்று 40 டாலருக்குள், மொத்தம் ஆறு, எதை எடுப்பது, எப்படி ஊற்றுவது?

மார்கழிப்பனி

வணக்கம். ஜனவரியில் ஆறு பேர் கூடி ஆறு சிவப்பு வைன்களை ஒரே மாலையில் ருசிபார்க்க இருக்கிறோம். இடம் ஸ்கார்பரோ, வாங்குவது ஒன்டாரியோ அரசின் மதுக்கடையான எல்சிபிஓவில். ஒரு போத்தலுக்கு 40 கனடிய டாலர் வரை போகலாம், ஆனால் எல்லாமே அந்த விலையில் இருக்கத் தேவையில்லை.

"குளிருக்குக் கனமான வைன்" என்று தேடினால் 15% ஆல்கஹால் உள்ளவைதான் முன்னுக்கு வருகின்றன. அவற்றில் பல முதல் மிடறில் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது கிளாசுக்கு வந்தால் தித்திப்பும் தொண்டை எரிவும்தான் மிச்சம். இது வைனின் குறையா, ஊற்றும் முறையின் குறையா?

எந்த ஊர், எந்தத் திராட்சை, எந்த வரிசை, எவ்வளவு முன்பே திறப்பது என்று விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டுக்குள் சூடு 22 டிகிரி. சாப்பாடு ஆட்டிறைச்சிக் கறி, ரொட்டி, கொஞ்சம் சீஸ். உறைப்பை ஓரளவு குறைக்கலாம், முழுதாக விட முடியாது.

செம்மண்கொடி

இரண்டும் சேர்ந்துதான் இப்படி ஆகிறது. ஆல்கஹால் 15%, கூடவே மீதிச் சர்க்கரை, புளிப்போ குறைவு என்றால் அந்த வைனில் வாயைச் சுத்தப்படுத்த எதுவும் இல்லை. முதல் மிடறு வழவழவென்று இதமாக இறங்கும், பிறகு திகட்டும். அடுத்தது சூடு. 22 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசனை அதன் பின்னால் ஒளிந்துவிடும்.

எல்சிபிஓ வலைத்தளத்தில் ஒவ்வொரு வைனுக்கும் லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருப்பார்கள். வாங்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். 4 கிராமுக்குக் கீழ் என்றால் இனிப்பில்லாத வைன் என்று நம்பலாம். 20 டாலருக்குக் குறைந்த ஒரு வைனில் 10, 12 என்று இருந்தால், லேபிளில் எவ்வளவு கம்பீரமான பெயர் இருந்தாலும் விட்டுவிடுங்கள். உங்களுக்குத் திகட்டியவை பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

குளிர்காலத்தில் நான் முதலில் பார்ப்பது துவர்ப்பும் புளிப்பும். கனம் அதற்குப் பிறகுதான். குளிர்காலச் சாப்பாட்டில் கொழுப்பும் இறைச்சியும் அதிகம். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வைனின் துவர்ப்பை மென்மையாக்கும். புளிப்பு, நெய்ச்சோற்றோடு ரசம் செய்யும் வேலையைச் செய்யும். ஆல்கஹால் எண்ணால் இந்த இரண்டில் ஒன்றும் நடக்காது.

இனி ஊர்கள்.

பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்குதான் என் முதல் தேர்வு. அங்கே சிவப்பு என்றால் சிரா திராட்சை. எர்மிட்டாஜ், கோர்னாஸ், கோட் ரோட்டி ஆகியவை உங்கள் தொகைக்கு வெளியே. சான் ஜோசெஃப், குரோஸ் எர்மிட்டாஜ் இரண்டும் பெரும்பாலும் உள்ளே வரும். ஆல்கஹால் 13% பக்கத்தில். கருமிளகு, ஆலிவ், புகைபோட்ட இறைச்சி, கரும்பழம் என்று வாசனை வரும். இதே திராட்சை ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ஷிராஸ் என்ற பெயரில் சூட்டில் பழுத்து, 14.5 முதல் 15% வரை ஏறி, ஜாம் பக்கம் போகும். அதுவும் நல்ல வைன்தான். ஆனால் உங்கள் புகாருக்கு மருந்து வட ரோன்.

தென் ரோனில் கிரெனாஷ் முதன்மை. ஷாத்தோநெஃப் டு பாப் பெயரால் விலை ஏறியது. பக்கத்து ஊர்களான ஜிகோந்தாஸ், வாக்கெரா இரண்டும் அதே குடும்பம், விலை குறைவு. இவை வெயில் பூமி வைன்கள், 14.5% சாதாரணம். ஒன்று வைக்கலாம், இரண்டு வேண்டாம்.

இத்தாலியின் பியட்மான்ட்டில் பரோலோவைத் தேடி அலையாதீர்கள். அது முழுக்க நெபியோலோ திராட்சை. சட்டப்படி அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் வைத்திருந்துதான் வெளியே விட வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். அந்தக் காத்திருப்பு விலையில் ஏறும். 40 டாலருக்குள் அகப்படும் பரோலோ பெரும்பாலும் பெயருக்கு மட்டும் பரோலோ. அதே பணத்தில் 10 டாலரை மிச்சம்பிடித்து, நல்ல தயாரிப்பாளரின் லாங்கே நெபியோலோ வாங்கினால் ரோஜா, செர்ரி, தார் வாசனை எல்லாம் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். செங்கல் சாயலில் மெலிந்து தெரியும், ஈறில் துவர்ப்பு இறுக்கிப் பிடிக்கும்.

அதே மாகாணத்தின் பார்பெரா நேர் எதிர். நிறம் கருஞ்சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்பு மிக அதிகம். 18 முதல் 25 டாலருக்குள் இவ்வளவு உபயோகமான சிவப்பு வைன் வேறில்லை என்பேன்.

கிரேக்கத்தின் வடக்கே வெர்மியோ மலைச்சரிவில் நாவுசா. திராட்சை க்ஸினோமாவ்ரோ. பெயரைப் பிரித்தால் புளி, கருப்பு. நெபியோலோ பிடித்தவர்களுக்கு இது பாதி விலையில் ஒரு அண்ணன் தம்பி உறவு. காயவைத்த தக்காளி, ஆலிவ், உலர்ந்த செர்ரி வாசனை. துவர்ப்பு கடுமையானது, சாப்பாடு இல்லாமல் ஊற்றாதீர்கள்.

தென்மேற்குப் பிரான்சின் கஹோர்: மால்பெக் குறைந்தது 70% இருக்க வேண்டும். அர்ஜென்டினா மால்பெக்கின் தாய்நிலம் இதுதான். மெண்டோசாவில் அது உருண்டு திரண்டு பிளம்ஸ் பழமாக நிற்கும். கஹோரில் இறுகி, இரும்பும் மண்ணுமாக நிற்கும். பனி நாளுக்கு நான் கஹோர் பக்கம்.

வெரோனா அருகே வால்போலிசெல்லா. கோர்வினா முதலான திராட்சைகளை அறுத்து, காற்றோட்டமான அறையில் ஏறத்தாழ 100 முதல் 120 நாள் வாடவைத்துப் பிழிந்தால் அமரோனே. காய்ந்த பழத்தில் சர்க்கரை கூடுவதால் ஆல்கஹால் குறைந்தபட்சமே 14%, நடப்பில் 15க்கு மேல். 40 டாலருக்கு நல்லது அரிது. அமரோனே பிழிந்த சக்கையின் மேல் சாதாரண வால்போலிசெல்லாவை ஊற்றி மறுபடி புளிக்கவிட்டால் ரிபாசோ, 20 முதல் 30 டாலர். இதில் லிட்டருக்கு 6, 8 கிராம் சர்க்கரை இருந்தாலும் புளிப்பு தாங்கினால் திகட்டாது. விதிவிலக்காக ஒன்று வைக்கலாம்.

கடைசிக்கு போர்ட். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கின் லேட் பாட்டில்டு வின்டேஜ், சுருக்கமாக எல்பிவி. ஒரே ஆண்டின் அறுவடை, நான்கு முதல் ஆறு ஆண்டு மரப் பீப்பாயில் கிடந்தபின் போத்தலுக்கு வருவது. ஆல்கஹால் 20% அளவு, தித்திப்பு. புளிக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால் அந்தச் சர்க்கரை மிஞ்சுகிறது. சீஸோடு ஆளுக்கு 50 மில்லி போதும்.

ஓக்குவாசம்

மேலே உள்ள பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. ஊற்றும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல போத்தல் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

"சிவப்பு வைனை அறைச் சூட்டில் கொடு" என்ற பேச்சு, வீட்டுக்குள் 16, 17 டிகிரிதான் இருந்த காலத்துப் பேச்சு. ஹீட்டர் ஓடும் 22 டிகிரி அறைக்கு அது பொருந்தாது. பார்பெரா 14 டிகிரி, சிரா, நெபியோலோ, க்ஸினோமாவ்ரோ, கஹோர் 16 முதல் 17, ரிபாசோவும் போர்ட்டும் 16. கிளாசில் ஊற்றியதுமே சூடு ஏறத் தொடங்கும், அதனால் இதைவிட ஒரு டிகிரி குறைவாகவே ஊற்றுங்கள். அறைச் சூட்டில் கிடந்த போத்தலை ஃபிரிட்ஜில் அரை மணி முதல் 40 நிமிடம் வைத்தால் சரியாக வரும். அவசரம் என்றால் ஐஸும் தண்ணீரும் சரிபாதி உள்ள வாளியில் 6 முதல் 8 நிமிடம். ஐஸ் மட்டும் போட்டால் இடைவெளியில் காற்று நிற்கும், குளிர் மெதுவாக ஏறும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஊகம் தேவையில்லை.

மறுபக்கத் தவறும் குளிர்காலத்தில் நடக்கும். காரிலிருந்தோ கராஜிலிருந்தோ நேரே எடுத்து 8, 10 டிகிரியில் ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் முன்னால் நின்று வாசனை மூடிக்கிடக்கும். வைனில் பழுது இல்லை, குளிர்தான். கிளாசை இரு உள்ளங்கையால் பொத்தி ஐந்து நிமிடம் வையுங்கள். ஹீட்டர் மேல் வைப்பது, மைக்ரோவேவ் இரண்டும் கூடாது. ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் குளிர்ந்து கிடக்கும்.

காற்றுப்பட வைத்தல். தக்கையைப் பிடுங்கி போத்தலை அப்படியே நிறுத்திவைப்பதால் ஒன்றும் ஆகாது. கழுத்தில் காற்றுப்படும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவுதான். ஆறு வைனுக்கு ஆறு டிகாண்டர் (வைனை ஊற்றிவைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவை) யாரிடமும் இருக்காது, அதற்கு ஒரு வழி: வாசனையில்லாத கண்ணாடிக் கூஜாவில் வைனை ஊற்றுங்கள், போத்தலை வெறும் தண்ணீரில் அலசி வடியவிடுங்கள், புனல் வைத்துத் திரும்ப அதிலேயே ஊற்றுங்கள். இரண்டு முறை காற்றுப்பட்டுவிடும், எது எந்த வைன் என்ற குழப்பமும் இல்லை. இளம் நாவுசாவுக்கும் நெபியோலோவுக்கும் இரண்டு மணி நேரம் முன்னால், கஹோருக்கு ஒன்றரை மணி, சிராவுக்கு ஒரு மணி, ரிபாசோவுக்கு அரை மணி. பார்பெராவுக்குத் தேவையே இல்லை. 15, 20 ஆண்டு பழைய வைன் யாராவது கொண்டுவந்தால் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதன் வாசனை அரை மணியில் பறந்துவிடலாம். முந்தின நாளே நிமிர்த்திவைத்து, ஊற்றும் நேரத்தில் திறந்து, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

எல்பிவியில் இரண்டு வகை. வடிகட்டியது சிறு மூடித் தக்கையோடு வரும், கையால் திறந்து ஊற்றலாம். வடிகட்டாதது முழுத் தக்கையோடு, அடியில் வண்டலோடு வரும், ருசியில் அதுதான் மேல். அதையும் ஒரு நாள் நிமிர்த்திவைக்க வேண்டும்.

அளவு: ஆளுக்கு 60 மில்லி. ஒரு போத்தல் 750 மில்லி, ஆறு பேருக்கு 360 போக மீதி சாப்பாட்டுக்கு. ஆறு வைனும் 60 வீதம் குடித்தாலே ஒருவருக்கு 360 மில்லி. சராசரி 14% என்றால் கனடாக் கணக்கில் மூன்று நிலையான அளவு மது (142 மில்லி, 12% வைன் ஒன்று). போர்ட் இன்னும் கூட்டும். துப்புவதற்குக் குவளை வையுங்கள், வந்தவர்கள் காரோட்டித் திரும்பக் கூடாது.

ருசிபார்க்கும்போது கிளாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயதானது அல்லது நெபியோலோ. சுழற்றும் முன் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை முகருங்கள். வாயில் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து எல்லாப் பக்கமும் புரளவிடுங்கள். துவர்ப்பு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வறட்சியாகத் தெரியும், வாழைக்காய்த் தோலைக் கடித்ததுபோல. புளிப்பு நாவின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கும். ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். விழுங்கியோ துப்பியோ முடித்ததும் ருசி எத்தனை வினாடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்தில் மறைந்தால் சாதாரணம். இருபதைத் தாண்டி நின்று, அதுவும் கசப்பாக இல்லாமல் நின்றால், கொடுத்த காசுக்கு மதிப்பு உண்டு.

வீட்டுக் காற்று குளிர்காலத்தில் மிகவும் வறண்டிருக்கும், மூக்கு உலர்ந்தால் வாசனை மங்கும். நடுவில் நிறையத் தண்ணீர் குடியுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, வாசனை மெழுகுவத்தி அன்றைக்கு வேண்டாம். தாளிப்பை ருசிபார்த்து முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழிப்பனி

மிக்க நன்றி. சூடு பற்றிச் சொன்னது புரிகிறது. கறியைப் பற்றி ஒரு கேள்வி அண்ணா. எங்கள் வீட்டில் யாழ்ப்பாணக் கறித்தூள். வறுத்த மிளகாய், மல்லி, சீரகம். இதோடு துவர்ப்பான வைன் ஊற்றினால் உறைப்பு கூடுமா, குறையுமா?

மிளகுவள்ளி

கூடும். மிளகாயின் எரிவை ஆல்கஹால் ஏற்றிக்காட்டும், துவர்ப்பு அதற்கு மேல் வறட்சியைச் சேர்க்கும். 15% வைனும் நல்ல உறைப்புக் கறியும் சேர்ந்தால் நாக்கில் வேறெதுவும் தெரியாது.

செய்ய வேண்டியது மிளகாயை அளவாகப் போட்டு மிளகை ஏற்றுவது. சிராவில் வரும் மிளகு வாசனை வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் கருமிளகிலும் சிராவிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008இல் கண்டுபிடித்தார்கள். குளிர்ந்த இடத்தில் விளைந்த சிராவில் இது கூடுதல், அதனால்தான் வட ரோனில் தெரிவது பரோசாவில் அவ்வளவு தெரிவதில்லை. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை அறவே தெரியாது என்பதும் அந்த ஆய்வில் வந்தது. ஆறு பேர் கூடும் இடத்தில் ஒருவர் "மிளகா? எனக்கு ஒன்றும் இல்லையே" என்றால் அவர் மூக்கைக் குறை சொல்லாதீர்கள், பிறப்பிலேயே அப்படி இருக்கலாம்.

ஒரு கிலோ எலும்புள்ள ஆட்டிறைச்சிக்குக் கறித்தூளை வழக்கத்தில் பாதியாக்கி, இறக்கும்போது புதிதாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி போடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கும், தாராளமாகச் சேர்க்கலாம். பழப்புளி விடாதீர்கள். சாப்பாட்டில் புளி வைனைவிட மிஞ்சினால் வைன் சப்பென்று ஆகிவிடும். புளி இல்லாமல் முடியாது என்றால் அந்தக் கறிக்குப் பார்பெரா ஒன்றுதான் ஈடுகொடுக்கும். சர்க்கரை சேர்த்த சட்னி, கெச்சப் எல்லாம் இனிப்பில்லாத வைனைக் கசப்பாக்கும்.

மீன் குழம்போடு இந்தப் பட்டியலில் எதையும் ஊற்ற வேண்டாம். துவர்ப்பான சிவப்பு வைன் மீனோடு சேர்ந்தால் வாயில் உலோக ருசி வரும்.

சீஸில் பார்மசான், கோம்தே, நாள்பட்ட செடார் போன்ற கெட்டியானவை எடுங்கள். பிரீ மாதிரி மென்மையானது துவர்ப்போடு கசக்கும். நீலப் பூஞ்சைச் சீஸ் போர்ட்டுக்கு மட்டும். உப்பும் தித்திப்பும் சேரும் இடம் அது, ஸ்டில்டன் அகப்பட்டால் விடாதீர்கள்.

ரைன்கரை

வணக்கம், ஜெர்மனியிலிருந்து. குளிர்கால வைன் பேச்சில் க்ளூவைன், அதாவது வாசனைப் பொருள் போட்டுச் சூடாக்கிய வைன், வராமல் போகக் கூடாது. கிறிஸ்துமஸ் சந்தைகளில் கொதிக்கக் கொதிக்கத் தருவதைப் பார்த்து வீட்டில் செய்பவர்கள் மூன்று பிழை விடுவார்கள்: ஓக் மரப் பீப்பாயில் வைத்த நல்ல வைனை வீணாக்குவது, கொதிக்கவிடுவது, கராம்பை அள்ளிப் போடுவது.

ஒரு 750 மில்லி போத்தலுக்கு அளவு: ஒரு தோடம்பழத்தின் சாறு, அதன் தோலில் வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய நான்கைந்து கீற்று, சீனி 50 முதல் 60 கிராம், கறுவா விரல் நீளத் துண்டு ஒன்று, கராம்பு 4, அன்னாசிப்பூ 1. முதலில் சாறு, சீனி, வாசனைப் பொருள் எல்லாவற்றையும் சின்ன நெருப்பில் பத்து நிமிடம் வைத்துப் பாகாக்குங்கள். வாசனையைப் பாகிலேயே இறக்கிவிட்டால் வைனை நெடுநேரம் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. பிறகு வைனை ஊற்றி 70 டிகிரி வரை கொண்டுபோய், மூடி, நெருப்பை அணைத்து இருபது நிமிடம் விட்டு வடியுங்கள். தூய ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். பாத்திரத்தில் குமிழ் எழும்பத் தொடங்கினாலே வாசனை போகிறது, வெந்த ருசி வருகிறது என்று அர்த்தம். ஓரத்தில் ஆவி மட்டும் எழுந்தால் போதும்.

வைன் தெரிவு: துவர்ப்புக் குறைந்த, ஓக் படாத, பழமான சிவப்பு. துவர்ப்பு சூட்டில் கசப்பாகும், ஓக் பலகை ருசியாகும். இங்கே டோர்ன்ஃபெல்டர் எடுப்பார்கள், 1950களில் வைன்ஸ்பெர்க்கில் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய திராட்சை, நிறம் அடர்த்தி, விலை குறைவு. கனடாவில் மலிவான மெர்லோவோ பார்பெராவோ போதும். நாவுசா, கஹோர் இரண்டையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கறுவா இலங்கையின் மெல்லிய சுருள் என்றால் விரல் நீளம் சரி. கடைகளில் தடித்த ஒற்றைச் சுருளாக வருவது காசியா, அது காரமானது, பாதி போடுங்கள். கராம்பு நான்கைத் தாண்டினால் பல்வலி மருந்து மணக்கும்.

வெளியே நின்று குடிப்பவர்களுக்கு ஒன்று. மது உடம்பைச் சூடாக்குவதுபோல் தோன்றும், உண்மையில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிவதால் உடம்புச் சூடு வெளியேறுகிறது. மைனஸ் 15இல் க்ளூவைனை நம்பி ஜாக்கெட்டைத் திறக்கக் கூடாது.

மார்கழிப்பனி

நன்றி. இன்னும் இரண்டு. ஒன்று, போத்தலை இரவு முழுக்கக் காரில் விட்டால் என்ன ஆகும்? இரண்டு, திறந்ததும் பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா நாற்றமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

ஓக்குவாசம்

12, 13% வைன் மைனஸ் 5, 6 டிகிரியில் உறையத் தொடங்கும். உறைந்த நீர் பருமன் கூடித் தக்கையைத் தள்ளும், சில வேளை போத்தலே வெடிக்கும். தக்கை அசையாமல், கசிவில்லாமல் இருந்தால் ஃபிரிட்ஜில் நிமிர்த்திவைத்து மெதுவாக உருகவிடுங்கள், பெரும்பாலும் குடிக்கலாம். அடியில் கண்ணாடித் தூள்போல் படிகம் தெரியலாம். அது கண்ணாடி இல்லை, திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிவது, கேக்கில் போடும் கிரீம் ஆஃப் டார்டாரும் அதுதான். தீங்கில்லை, வடித்து ஊற்றுங்கள். தக்கை மேலெழும்பியிருந்தால் காற்று உள்ளே போயிருக்கும், அதை அன்றைக்கே குடித்துவிட வேண்டும் அல்லது க்ளூவைனுக்கு அனுப்ப வேண்டும்.

பழுதுகளைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: பத்து நிமிடத்தில் குறைகிறதா, கூடுகிறதா? அணைந்த தீக்குச்சி, அழுகிய முட்டை வாசனை என்றால் காற்றுப்படாத கந்தக வாசனை. சிராவில் அடிக்கடி வரும். நன்றாகச் சுழற்றினால், கூஜாவில் ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரமான நிலவறை வாசனை என்றால் தக்கைப் பழுது, டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை. அது நேரம் போகப்போகக் கூடும், பழவாசனை ஒன்றும் மிஞ்சாது. இதற்கு மருந்தில்லை. தக்கையைத் திரும்பச் செருகி, ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள். தக்கையில் பூஞ்சை தெரிந்தால் மட்டும் பழுது என்று முடிவுகட்டக் கூடாது, கிளாசில் மணப்பதுதான் சாட்சி.

நகப்பூச்சு நீக்கி, வினிகர் நெடி: ஆவியாகும் அமிலம். அமரோனே, ரிபாசோவில் லேசாக இருப்பது வழக்கம், கண்ணில் நீர் வரவைத்தால் பழுது. மாட்டுத்தொழுவம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை: பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. ரோனில் கொஞ்சம் இருந்தால் விரும்புபவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. வாடிய ஆப்பிள், பழுப்பு நிறம், மூன்று வயது வைனில்: காற்றேறியது. ஜாம் காய்ச்சிய வாசனையும் எழும்பிய தக்கையும் சேர்ந்தால் எங்கோ வெயிலில் அல்லது ஹீட்டர் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

மிச்சம் இருப்பதைத் தக்கை போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பார்பெரா இரண்டு மூன்று நாள், நாவுசாவும் கஹோரும் நான்கு நாள் தாங்கும், சில மறுநாள்தான் நன்றாகவே இருக்கும். எல்பிவி பத்து நாள் வரை.

வைனடுக்கு

ஒன்டாரியோவில் இருந்துகொண்டு ஒன்டாரியோ வைன் ஒன்றுமே இல்லாமல் ருசிபார்க்கப் போகிறீர்களே. நயாகராவின் கபர்னே ஃப்ராங்க் நல்ல ஆண்டில் வட ரோனுக்குப் பக்கத்தில் நிற்கும்: ராஸ்பெரி, குடைமிளகாய், உயர்ந்த புளிப்பு. கழுத்தில் விகியூஏ என்ற தரச்சான்று அடையாளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டு வைன் கலந்திருக்கலாம். பாக்கோ நோவார் இன்னும் சுவாரசியம். 1902இல் பிரான்சுவா பாக்கோ ஒட்டுச்சேர்த்தது, அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இரத்தம் உண்டு, அதனால் குளிரைத் தாங்கும். துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, புளிப்பும் புகைவாசனையும் நிறைய. கறிக்கு மிகப் பொருத்தம். பார்பெராவுக்குப் பதிலாக முதல் கிளாசாக வைக்கலாம்.

மார்கழிப்பனி

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், விலை ஏறுவரிசையில்: பாக்கோ நோவார், கஹோர், நாவுசா, ரிபாசோ, எல்பிவி, சான் ஜோசெஃப். விலை கூடியது கடைசியில் வரட்டும் என்று சான் ஜோசெஃபை இறுதியில் வைத்தேன். சரியா?

செம்மண்கொடி

வைன்கள் சரி, வரிசையை மாற்ற வேண்டும். போர்ட்டுக்குப் பின் எந்த இனிப்பில்லாத வைனும் புளித்த தண்ணீராகத்தான் தெரியும். உங்கள் 35 டாலர் சான் ஜோசெஃப் அங்கே செத்துவிடும். ரிபாசோவின் மெல்லிய தித்திப்பும் அதே வேலையைச் செய்யும், அதற்குப் பின்னால் துவர்ப்பானது எதையும் வைக்காதீர்கள். பாக்கோ நோவார் முதலில், அடுத்து சான் ஜோசெஃப், நாக்கு களைக்காதபோதே. மூன்றாவது நாவுசா, நான்காவது கஹோர். இந்த இரண்டுக்கும் இறைச்சி மேசைக்கு வந்திருக்க வேண்டும், ஆகவே சான் ஜோசெஃப் முடியும்போது கறியைச் சூடாக்கத் தொடங்குங்கள். ஐந்தாவது ரிபாசோ, அத்துடன் கெட்டிச் சீஸ். ஆறாவது எல்பிவி, நீலச் சீஸ்.

கூட்டம் ஏழு மணிக்கு என்றால் நாவுசாவை ஆறு மணிக்கே கூஜாவில் ஊற்றித் திருப்பிவிடுங்கள், மேசைக்கு வரும்போது எட்டாகியிருக்கும். கஹோரும் சான் ஜோசெஃபும் ஆறரைக்கு. எல்பிவியை முந்தின நாளே நிமிர்த்திவையுங்கள். ஆறேமுக்காலுக்கு எல்லாப் போத்தலையும் ஒன்றாக ஃபிரிட்ஜில் அடைக்காமல், ஊற்றுவதற்கு அரை மணி முன் ஒவ்வொன்றாக வையுங்கள்.